உள்ளிருந்து

தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது,
ஆறு மில்லிமீட்டர், சாதா.
ஞாயிறு காலை பிள்ளைகள் வரும்போது
புதுசு இருக்க வேண்டும் என்றார் தங்கச்சன்.
வியாழன் மதியம். வண்டியில் ஏ.சி. இல்லை.
வாதி கபீர் மலைகள்
அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியவை போலக் காந்தின.

பள்ளிக்கூட வாசலில் ஷம்சுல் இல்லை.
நெற்றியில் ஆறு தையல்.
அவன் இடத்தில் நின்றவன்
என் பத்தாக்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கதை எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.
டீக்கடையில் அதைக் கல் என்றார்கள்.
சலூனில் கற்கள்.
எங்கள் அறைக்கு ஏறி வந்தபோது அது கலவரம்.
"படிக்க அனுப்பினா பண்ற வேலையப் பாரு"
என்றான் சவரிமுத்து,
பிள்ளை பெறாதவன்.

அதற்கு முந்தின மூன்று நாளைப் பற்றி
ஹட்டன்காரி புஷ்பராணிதான் சொன்னாள்,
வாளியைக் கீழே வைக்காமல்.
இடைவேளையில் வந்து உட்கார்ந்தார்களாம்,
மைதானத்துச் சிமெண்டில், அந்த வெயிலில்,
தண்ணீர் பாட்டில் பக்கத்தில்.
கோஷம் கிடையாது, அட்டைகள் மட்டும்.
கட்டணச் சலுகையை நிறுத்தியதற்கு.
கெமிஸ்ட்ரி லேபைப் பூட்டி
பழைய பெஞ்சுகளை அடுக்கியதற்கு.
இரண்டு டீச்சர்களுக்கு கேன்சல் அடித்ததற்கு.
மணி அடித்ததும் எழுந்து
உட்கார்ந்த இடத்தைத் தாங்களே கூட்டிவிட்டுப் போனார்களாம்.
"அந்த மூணு நாளும் எனக்கு வேலை குறைவு அண்ணே."

நாலாம் நாள் அவள் மாடியில் இருந்தாள்.
சத்தம்தான் கேட்டிருக்கிறது.
இறங்கி வந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்
தோளைப் பிடித்தபடி படியில் கிடந்தான், காரை எலும்பு.
ஷம்சுலின் ரத்தத்தை
இரண்டு தடவை மாப் போட்டுத் துடைத்தாளாம்.

இருபத்தோரு வருடமாக நான் கண்ணாடிக்காரன்.
வெளியிலிருந்து கல் வந்தால்
சில்லு அறைக்குள் கிடக்கும்.
இங்கே ஆபீஸ் கார்ப்பெட்டில் கொஞ்சம் பொடி.
மீதி எல்லாம் வெளியே,
அரளித் தொட்டியில், படி இடுக்கில்,
ஷம்சுல் வழக்கமாக நிற்கும் இடத்தில்.
சட்டத்தின் உள்பக்கம் ஒரு நீலக் கீறல்.
ஆபீஸ் நாற்காலிகளின் காலும் நீலம்.

மேனேஜர் வந்தார்.
எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.
வேறு எதுவும் கேட்கவில்லை.
விசா புதுப்பிக்க நாற்பது நாள்,
ஊரில் மகளுக்கு மூன்றாம் செமஸ்டர்.
ஒன்றரை மணி நேரம் சார் என்றேன்.
வாய்க்கு வந்ததையும் சிலிகானோடு சேர்த்து
மூலைவரை அழுத்தி இழுத்தேன்.

பில் புத்தகத்தில்
விவரம் என்ற கட்டத்துக்கு வந்தபோது
தமிழில் எழுதினேன்:
உள்ளிருந்து உடைக்கப்பட்ட கண்ணாடி, ஒன்று.
இருபத்தெட்டு ரியால்.
ஏன் எழுதினேன் என்று இப்போதும் தெரியாது.

கணக்காளர் தொகையைப் பார்த்தார்.
எழுத்தின்மேல் பேனாவைத் தட்டினார்.
"கண்ணாடின்னு போட்டிருக்கேன் சார்."
முத்திரை குத்தினார், கையெழுத்தும் போட்டார்.
படித்துச் சொல்ல அங்கே ஒரு டீச்சர் இருந்தார்,
போன மாதம் வரை.

கிளம்பும்போது குப்பைத்தொட்டி ஓரம்
அட்டைகளைக் காட்டினாள் புஷ்பராணி.
வேணுமா அண்ணே, உங்க சாமானுக்கு நடுவுல வைக்கலாம்.
நல்ல தடிமன். பதினாறு எடுத்துக்கொண்டேன்.
ஒன்றில் பென்சில் கோடு போட்டு, அதன்மேல்
ஸ்கெட்ச் பேனாவால் நிறுத்தி நிறுத்தி:
எங்கள் லேப் எங்களுக்கு வேண்டும்.
கோட்டை அழிக்க மறந்திருந்தார்கள்.
கடைசியில் இடம் போதாமல்
குட்டி எழுத்தில் தயவுசெய்து.

சனிக்கிழமை சோஹாருக்கு லோடு.
பத்து கண்ணாடி, நிறுத்தி வைத்து, கயிறு கட்டி.
ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் அட்டை.
ஸ்பீடு பிரேக்கர் வந்தபோதெல்லாம்
திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.
இருநூறு கிலோமீட்டர்.
ஒன்றும் உடையவில்லை.